நர்சின் கைக்கு நாம் பட்ட கடன்

(சர்வதேச நர்சுகள் தினத்தையொட்டி சாரத்தில் நடந்த கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

பாகூர், வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வேலை முடிந்த கையோடு இங்கு வந்திருக்கும் விவசாயத் தொழிலாளர் சகோதர சகோதரிகளே!

மே 12-ந் தேதியை உலகமெங்கும் நர்சுகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1820-ம் ஆண்டு அந்தத் தேதியில்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பிறந்தார். யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்குப் பணிவிடை செய்தவர் அவர். நோயாளியைப் பராமரிப்பது படித்துத் தேற வேண்டிய தொழில் என்பதை நிலைநாட்டியவரும் அவரே. இந்த நாளில் ஆஸ்பத்திரிகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். மந்திரிமார் வாழ்த்துச் செய்தி வெளியிடுவார்கள். "தெய்வங்கள்", "தேவதைகள்" என்றெல்லாம் பேசுவார்கள். பேசட்டும், அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் மில்லிலும் வயலிலும் உழைத்துப் பிழைக்கும் நாம், உடம்பு கெட்டால் சர்க்கார் ஆஸ்பத்திரியை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத நாம், நர்சுக்கு எப்படி நன்றி சொல்வது? இதுதான் இன்றைக்கு என் பேச்சு.

நமக்கும் நர்சுக்கும் உள்ள உறவு

இந்தக் கூட்டத்தில் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவர் யாராவது உண்டா? புதுச்சேரி பெரியாஸ்பத்திரி நமக்குத் தெரியும். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் தெரியும். 1823-ல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்தது அது. 1964-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் புதிய ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்தார். விழுப்புரம், திண்டிவனம், கடலூர், திருவண்ணாமலை என்று நாலா பக்கத்திலிருந்தும் ஏழை மக்கள் விடியற்காலை பஸ் பிடித்து அங்கே வந்து நிற்கிறார்கள்.

அங்கே டாக்டர் வருகிறார், பார்க்கிறார், மருந்து எழுதுகிறார், அடுத்த கட்டிலுக்குப் போகிறார். அவர் வேலை அப்படி. அவர் எழுதியது நம் உடம்புக்குள் போய்ச் சேரும் வரை பார்ப்பது யார்? ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் முதலில் ஓடி வருவது யார்? நம் வாந்தியைத் தாங்கிய கை யாருடையது? புண்ணைக் கழுவிக் கட்டிய கை யாருடையது? நர்சின் கை, தோழர்களே.

நான் மில்லில் நூல் பிரிவில் வேலை பார்த்தவன். பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு என்னுடையது. சில வருஷங்களுக்கு முன் மூச்சு முட்டி ஓர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. முதல் ராத்திரி நான் படுக்கையில் நீட்டிப் படுக்கப் போனேன். என் மகள் வயசு இருக்கும் ஒரு நர்ஸ் ஓடி வந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தது. "ஐயா, படுக்காதீங்க. உக்காந்தே இருங்க. என் தோள் மேல சாஞ்சுக்கிட்டு மெதுவா மூச்சு விடுங்க" என்றது. ஆக்சிஜன் வரும்வரை அந்தப் பெண்ணின் தோளில்தான் சாய்ந்திருந்தேன். அந்த ராத்திரி முழு வார்டுக்கும் அந்த ஒரு பெண்தான். என்னைச் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடியது, அங்கிருந்து இன்னொரு கட்டிலுக்கு ஓடியது. விடிந்த பிறகு, "நல்லா தூங்கினீங்களா ஐயா?" என்று என்னைக் கேட்டது. நீ தூங்கினாயா தாயே என்று அதைக் கேட்க ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கிராமங்களில் சேரியைச் சேர்ந்த ஒருவர் கை பட்டால் தீட்டு என்று சொன்ன காலம் இருந்தது. அந்தப் புத்தி முழுக்கப் போய்விட்டது என்று இன்றும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட நாட்டில், முன்பின் தெரியாத ஒருவருடைய மலத்தையும் சீழையும் துடைத்து, உடம்பைக் கழுவி, துணி மாற்றிவிடுகிறாள் ஒரு பெண். அவளோடு சேர்ந்து வார்டு ஆயாவும் துப்புரவுத் தொழிலாளியும் அதைச் செய்கிறார்கள். இந்த வேலையைத்தான் நெடுங்காலம் இந்தச் சமுதாயம் இழிவான வேலை என்று ஒதுக்கி வைத்தது. நன்றி சொல்ல வந்த நாம் முதலில் இதை மனதில் வைக்க வேண்டும்.

பரேல் ஆஸ்பத்திரியில் நடந்தது

நர்சின் கருணை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. அது பம்பாயில் நடந்தது.

பம்பாயில் பரேல் என்ற பகுதி மில் தொழிலாளிகளின் பகுதி. சுற்றிலும் பஞ்சாலைகள், நடுவிலே தொழிலாளர் குடியிருப்புகள். அங்கே 1926-ல் திறக்கப்பட்டது கே.இ.எம். ஆஸ்பத்திரி. பெயரில் எட்வர்ட் ராஜா இருக்கிறார். ஆனால் அதோடு சேர்ந்த வைத்தியக் கல்லூரியில் இந்திய டாக்டர்களே வேலை செய்ய வேண்டும் என்ற உறுதியோடு தொடங்கப்பட்டது அது. நகரசபை நடத்தும் ஆஸ்பத்திரி. பரேல் பஞ்சாலைத் தொழிலாளிக்குக் காய்ச்சல் வந்தாலும், மிஷினில் கை போனாலும் அங்கேதான் ஓடுவான்.

அந்த ஆஸ்பத்திரியில் அருணா ஷான்பாக் என்ற நர்ஸ் இருந்தார். கர்நாடகத்தில் ஹல்திபூர் என்ற ஊர்ப் பெண். 1973-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி, வேலை முடிந்து உடை மாற்றுவதற்காக ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துக்குப் போனார். அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒருவன் அங்கே அவரைத் தாக்கினான். நாய் கட்டும் சங்கிலியைக் கழுத்தில் சுற்றி இறுக்கி, மானபங்கம் செய்தான். மறுநாள் காலை அவர் தரையில் ரத்தத்தில் நினைவிழந்து கிடந்ததைத் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் கண்டார். கழுத்து இறுகியதால் மூளைக்குப் பிராணவாயு போகாமல் மூளை கெட்டுவிட்டது. அப்போது அருணாவுக்கு வயது 25. கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண்.

குற்றவாளி மீது தாக்குதல், கொள்ளை என்ற வழக்கு மட்டுமே நடந்தது. ஏழு வருஷச் சிறையோடு அவன் வெளியே போய்விட்டான். அருணாவால் எழுந்திருக்க முடியவில்லை, பேச முடியவில்லை. தன்னைச் சுற்றி நடப்பது என்னவென்று அறியவும் முடியவில்லை. நான்காம் வார்டை ஒட்டிய ஓர் அறையில் அவருடைய கட்டில் இருந்தது. அந்தக் கட்டிலில் ஒரு மாதமோ ஒரு வருஷமோ அல்ல, 2015-ம் ஆண்டு மே 18-ந் தேதி நிமோனியாவில் உயிர் பிரியும் வரை, நாற்பத்தொன்றரை வருஷம் கிடந்தார்.

அத்தனை வருஷமும் அவரைக் குளிப்பாட்டியவர்கள், ஊட்டியவர்கள், துணி மாற்றியவர்கள், புரட்டிப் படுக்க வைத்தவர்கள் அந்த ஆஸ்பத்திரி நர்சுகள். ஜூன் 1-ந் தேதி அவருடைய பிறந்த நாள். அதை வருஷா வருஷம் கொண்டாடினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1973-ல் இருபத்தொரு வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒரு நர்ஸ் 58 வயதில் ஓய்வு பெற்றால், அது 2010. ஒரு தலைமுறை முழுவதும் வேலை பார்த்து ஓய்வு பெற்றுப் போய்விட்டது. அருணா தாக்கப்பட்டபோது பிறந்தே இராத பெண்கள் நர்சாகி வந்து அந்தக் கட்டில் அருகே நின்றார்கள். மில்லில் ஒரு ஷிப்டு முடிந்ததும் மிஷினை அடுத்த ஷிப்டிடம் ஒப்படைப்போமே, அப்படி ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையிடம் ஒரு மனுஷியை ஒப்படைத்துவிட்டுப் போனது. ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர், சம்பளமே வேண்டாம், அருணாவைத் தொடர்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்தார்.

படுக்கைப்புண் வராத உடம்பு

அருணாவைப் பற்றி எழுத்தாளர் பிங்கி விரானி 1998-ல் ஒரு புத்தகம் எழுதினார். பிறகு 2009-ல், அருணாவுக்கு உணவு செலுத்துவதை நிறுத்தி அமைதியாகப் போகவிட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார். அவரும் இரக்கத்தால்தான் கேட்டார். அப்படி நினைத்தவர்கள் இன்னும் பலர் உண்டு. மீள முடியாத நிலையில் இருக்கும் நோயாளியின் உயிரைக் கருவிகளால் பிடித்து வைக்காமல் விடலாமா என்ற கேள்வியில் 2018-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழியும் வகுத்தது. அந்த விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த வழக்கில் ஆஸ்பத்திரியின் டீன் கோர்ட்டுக்கு எழுத்து மூலம் ஒரு விஷயம் தெரிவித்தார். இத்தனை வருஷப் படுக்கையில் அருணாவுக்குப் படுக்கைப்புண் ஒரு தடவைகூட வந்ததில்லை என்பது அந்த விஷயம்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது, வீட்டில் வாதம் அடித்துப் படுத்த அப்பனையோ ஆத்தாளையோ பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். களத்தில் ஈர நெல்லைக் குவித்து அப்படியே விட்டால் என்ன ஆகும்? உள்ளே சூடேறி வீணாகும். கிளறிக் கிளறிக் காயப்போட வேண்டும். மனித உடம்பும் ஒரே பக்கமாகக் கிடந்தால் இடுப்பு எலும்பு, முதுகின் அடி, குதிகால் ஆகிய இடங்களில் பாரம் அழுத்துகிறது. ரத்த ஓட்டம் நின்று தோல் சாகிறது. புண் உள்ளே இறங்கி எலும்பைத் தொடுகிறது. சீழ் ரத்தத்தில் கலந்தால் ஆளையே கொண்டு போய்விடும். இதற்கு மாத்திரை கிடையாது. இரண்டு மணிக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஈரம் படாமல் துடைக்க வேண்டும். விரிப்பில் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட வேண்டும். வயிற்றுக்குச் சத்துள்ள ஆகாரம் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் வைத்தியம்.

இரண்டு மணிக்கு ஒரு தடவை என்றால் ஒரு நாளைக்கு 12 தடவை. ஒரு வருஷத்துக்கு 4,380 தடவை. நாற்பத்தொன்றரை வருஷத்துக்கு 1,80,000 தடவைக்கு மேல். தீபாவளி அன்றும் புரட்ட வேண்டும், பம்பாய் நகரமே வெள்ளத்தில் மூழ்கிய நாளிலும் புரட்ட வேண்டும். நர்சின் கருணை என்று நாம் சொல்வது இதைத்தான். கண்ணில் நீர் வருவது எல்லோருக்கும் வரும். மறுபடியும் இரண்டு மணி நேரம் கழித்து வந்து புரட்டிப் போடுவதுதான் கடினம்.

2011-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. அருணாவின் சார்பில் பேச உரிமை உள்ளவர்கள், இத்தனை காலம் அவரைப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிப் பணியாளர்களே என்று கூறியது. ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்து அவர்கள் அனைவரையும் பாராட்டி, நாடே அவர்களை எண்ணிப் பெருமைப்படுகிறது என்று தீர்ப்பிலேயே எழுதியது. அன்று அந்த நர்சுகள் இனிப்பு வழங்கிக் கொண்டாடினார்கள். உறவு என்ற சொல்லுக்குச் சட்டப் புத்தகத்தில் இல்லாத ஓர் அர்த்தத்தை அந்தப் பெண்கள் சம்பாதித்துக் கொடுத்தார்கள்.

கருணைக்குப் பின்னால் நின்ற பலம்

தோழர்களே, இதோடு கதையை நிறுத்திவிட்டால் நாமும் "தேவதைகள்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று கேட்க வேண்டாமா?

அருணா தாக்கப்பட்டதும் பம்பாய் நர்சுகள் என்ன செய்தார்கள்? அழுதுகொண்டு வார்டுக்குத் திரும்பிவிடவில்லை. வேலைநிறுத்தம் செய்தார்கள். அருணாவுக்கு ஒழுங்கான பராமரிப்பு வேண்டும், எங்களுக்குப் பாதுகாப்பான வேலை நிலைமை வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டார்கள். ஒரு நர்ஸ் உடை மாற்றக் கீழ்த்தளத்துக்குத் தனியே போக வேண்டியிருந்தது என்பதே அந்தக் கொடுமையின் முதல் பாதி அல்லவா?

பிறகு 1980-களில் நகரசபை ஒரு காரியம் செய்யப் பார்த்தது. ஏழு வருஷமாக ஒரு கட்டில் அடைபட்டுக் கிடக்கிறது, அருணாவை வேறெங்காவது அனுப்பிவிட்டால் கட்டில் மிச்சம் என்று கணக்குப் போட்டது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை முயன்றது. நர்சுகள் கிளர்ந்து எழுந்தார்கள். எங்கள் அருணா இங்கிருந்து போகமாட்டாள் என்று நின்றார்கள். நகரசபை பின்வாங்கியது. அன்றைக்கு அவர்கள் பணிந்து போயிருந்தால், பின்னால் வந்த முப்பது வருஷப் பராமரிப்பும் இல்லை, சுப்ரீம் கோர்ட்டின் பாராட்டும் இல்லை.

அவர்களால் ஏன் நிற்க முடிந்தது? அது நகரசபையின் ஆஸ்பத்திரி. லாபக் கணக்குப் பார்க்கும் முதலாளி அங்கே இல்லை. அவர்களுடைய வேலை நிரந்தரமான வேலை. எதிர்த்துப் பேசினால் நாளைக்கு வராதே என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் ஒன்றாகவும் இருந்தார்கள். கருணை அவர்கள் நெஞ்சில் இருந்தது. அந்தக் கருணை நாற்பது வருஷம் நீடிக்க நிரந்தர வேலையும் ஒற்றுமையும் முட்டுக் கொடுத்தன. இதை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

பெராம்பிராவின் லினி

அந்த முட்டு இல்லாமலேயே கடமை செய்த ஒரு பெண்ணின் கதையும் உண்டு. பம்பாயை விட நமக்குப் பக்கம், கேரளத்துக் கோழிக்கோடு ஜில்லா.

2018-ம் ஆண்டு மே மாதம். பெராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சலோடு ஒரு வாலிபரைக் கொண்டு வந்தார்கள். என்ன காய்ச்சல் என்று யாருக்கும் தெரியாது. வவ்வாலிடமிருந்து மனிதருக்கு வரும் நிபா என்ற கொடிய தொற்று அது என்பது பின்னால்தான் தெரிந்தது. ராத்திரி வேலையில் இருந்த நர்ஸ் லினி புதுசேரி அவரைக் கவனித்தார். சில நாட்களில் அவருக்கே காய்ச்சல் வந்தது. தனக்கு வந்திருப்பது சாதாரண நோய் அல்ல என்று சந்தேகித்து, மற்றவர்களை நெருங்க விடாமல் ஒதுக்கி வைத்துக்கொண்டார். மே 21-ந் தேதி மாண்டார். தொற்றுப் பரவக் கூடாது என்பதால் உடலை உடனே தகனம் செய்தார்கள். குடும்பத்தார் முழுமையாக முகம் பார்க்கவும் முடியவில்லை. இரண்டு சின்னப் பையன்கள். புருஷன் பஹ்ரைனில் பிழைக்கப் போனவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும்படி அவருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிவைத்துவிட்டுப் போனார் லினி. அந்தச் சீட்டைப் பத்திரிகைகளில் கண்டு உலகமே கலங்கியது. அந்த முறை கேரளத்தில் நிபாவுக்கு 17 பேர் பலியானார்கள். பிழைத்த இருவரில் ஒருவர் நர்ஸ் படிப்பு மாணவி.

கேரள சர்க்கார் லினியின் பிள்ளைகளுக்குத் தலைக்குப் பத்து லட்சம் ரூபாயும், புருஷனுக்கு அரசாங்க வேலையும் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உயிரோடு இருந்தவரை லினியின் வேலை நிரந்தரம் இல்லாத ஒப்பந்த வேலை. செத்த பிறகுதான் அந்தக் குடும்பத்துக்கு நிரந்தர வேலை வந்தது. நன்றி ஏன் இவ்வளவு தாமதமாக வர வேண்டும்?

கைதட்டலும் சம்பளமும்

2020-ல் கொரோனா வந்தது. நம் ஊரிலேயே கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைக் கொரோனா ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். உடம்பு முழுக்க உறை போட்டுக்கொண்டு, வேர்வையில் நனைந்து, தண்ணீர் குடிக்கவும் வழியில்லாமல் நர்சுகள் வேலை செய்தார்கள். சொந்தப் பிள்ளையைத் தூர நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வருஷம் மார்ச் 22-ந் தேதி மாலை ஐந்து மணிக்கு நாடே கைதட்டியது, தட்டுத் தட்டியது. மே 3-ந் தேதி ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரிகள் மேல் பூத் தூவினார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? பக்கத்துத் தமிழ்நாட்டில், கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட நர்சுகள் 2,000 பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு வேலையிலிருந்து அனுப்பப்பட்டார்கள். அதற்கு முன்பே, 2015-ல் பரீட்சை எழுதித் தேர்வான ஆயிரக்கணக்கான நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது.

சீமையிலும் இதே கதைதான். 2020 ஏப்ரலில் பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன் கொரோனாவில் சாகக் கிடந்தார். நைட்டிங்கேல் அம்மையார் 1860-ல் நர்ஸ் பள்ளி தொடங்கினாரே, லண்டன் செயின்ட் தாமஸ், அதே ஆஸ்பத்திரியில். பிழைத்து எழுந்து, தன் கட்டில் பக்கத்தில் நின்ற இரண்டு நர்சுகளைப் பெயர் சொல்லி உலகறிய நன்றி கூறினார். ஒருவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஜென்னி மெக்கீ. அடுத்த வருஷம் அவருடைய சர்க்கார் நர்சுகளுக்கு ஒரு சதவீதச் சம்பள உயர்வு போதும் என்று சொன்னது. 2021 மே மாதத்தில் ஜென்னி மெக்கீ வேலையை விட்டார். எங்களுக்குரிய மரியாதையும் இல்லை, ஊதியமும் இல்லை என்று காரணம் சொன்னார். பிரதம மந்திரியின் நன்றியே சம்பளச் சீட்டில் ஏறவில்லை என்றால், வெறும் வாய் நன்றி நர்சின் வீட்டில் உலை வைக்க உதவாது என்று தெரிகிறதல்லவா?

எத்தனை சைடு பார்ப்பது?

மில் தொழிலாளிக்கு நன்றாகப் புரியும் ஒரு விஷயம் வேலைப் பளு. ஒரு ஆள் எத்தனை சைடு பார்ப்பது என்பதற்காக நாம் எத்தனை தகராறு செய்திருக்கிறோம்! சைடு கூடினால் என்ன ஆகும்? நூல் அறும், ஆள் ஓடி ஓடிக் களைப்பான், விபத்து வரும். வார்டிலும் அதே கணக்குத்தான். அங்கே அறுவது உயிர்.

இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது ஆஸ்பத்திரியில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ். நீங்கள் படுத்திருந்த வார்டில் எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ் இருந்தார் என்று நினைத்துப் பாருங்கள். நான் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவில் லிண்டா எய்கன் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 2002-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டே கால் லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரத்தைப் பார்த்தார்கள். ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், நோயாளி 30 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று கண்டார்கள். ஆக, நர்சுகள் ஆள் போடு என்று கேட்பது அவர்களுக்காக மட்டும் கேட்பதல்ல. கட்டிலில் கிடக்கும் நமக்காகவும்தான் கேட்கிறார்கள்.

வேலை நேரத்தையும் பாருங்கள். இந்தப் புதுச்சேரி மண்ணில் 1936-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பிரெஞ்சு ஆட்சியின் போலீஸ் மில் தொழிலாளர்களைச் சுட்டது. 12 பேர் மாண்டார்கள். அந்த ரத்தத்தின் பலனாக 1937-ல் இங்கே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இன்று பெரிய மில்களின் சங்கு ஊதுவதில்லை. ஆனால் எட்டு மணி நேரம் என்ற அந்த உரிமை நம் தகப்பன்மார் வைத்துவிட்டுப் போன சொத்து. அதே ஊரில் எத்தனையோ தனியார் ஆஸ்பத்திரிகளில் நம் வீட்டுப் பெண்கள் பன்னிரண்டு மணி நேரம் ராத்திரி வேலை பார்த்துவிட்டுக் காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குகிறார்கள்.

சம்பளம்? 2016 ஜனவரி 29-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளின் நிலைமையைப் பார்க்க மத்திய சர்க்கார் குழு அமைக்க வேண்டும் என்றது. குழு சொன்னது என்ன? 200 கட்டிலுக்கு மேல் உள்ள ஆஸ்பத்திரி என்றால் சர்க்கார் நர்சுக்குச் சமமான சம்பளம். 50 கட்டிலுக்குக் குறைந்த ஆஸ்பத்திரியானாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. கேரளத்தில் நர்சுகள் 2017-ல் போராடி, 2018 ஏப்ரலில் அந்த 20,000 ரூபாயை அரசாங்க உத்தரவாகவே வாங்கினார்கள். போராடிய இடத்தில் குழுவின் சிபாரிசு உத்தரவானது.

நாம் செய்ய வேண்டியது

சரி, நாம் என்ன செய்யலாம்? ஐந்து காரியங்கள் சொல்கிறேன்.

முதலாவது, வார்டுக்குப் போனால் நர்சின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "ஏம்மா, இங்க வா" என்று அதட்டாதீர்கள். நம் மேஸ்திரி நம்மை அப்படி அழைத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

இரண்டாவது, மருந்து இல்லை, கட்டில் இல்லை, ஸ்கேன் எடுக்க ஒரு மாதம் என்றால் கோபம் வரும். நியாயமான கோபம்தான். ஆனால் எதிரில் நிற்கிறாளே என்று அந்தக் கோபத்தை நர்ஸ் மேல் கொட்டாதீர்கள். மருந்து வாங்குவது அவள் அல்ல. அந்தக் கோபத்தை மனுவாக எழுதி, நூறு பேர் கையெழுத்துப் போட்டு, மேலே கொண்டு போங்கள். அதில் காலி நர்ஸ் இடங்களை நிரப்பு என்பதையும் ஒரு கோரிக்கையாகச் சேருங்கள்.

மூன்றாவது, நல்லபடி பார்த்துக்கொண்ட நர்ஸைப் பற்றி ஆஸ்பத்திரி சூப்பரின்டென்டுக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதுங்கள். புகார்க் காகிதங்கள் நிறையப் போகின்றன. நன்றிக் காகிதமும் போகட்டும். நாளைக்கு அந்தப் பெண்ணின் வேலைக்கு ஆபத்து வந்தால் அந்தக் காகிதம் பேசும்.

நான்காவது, நர்சுகள் கோரிக்கை வைத்து உட்கார்ந்தால், "நோயாளியை விட்டுவிட்டுப் போராட்டமா?" என்று சிலர் தூண்டிவிடுவார்கள். அப்போது பரேலை நினைத்துக்கொள்ளுங்கள். அருணாவின் கட்டிலைக் காப்பாற்றியது நர்சுகளின் போராட்டம். தண்ணீர்ப் பானையோடு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

ஐந்தாவது, பெண்கள் ராத்திரி வேலை பார்க்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் உடை மாற்ற, ஓய்வெடுக்கப் பூட்டுள்ள அறை, வெளிச்சம், காவல் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். அருணாவுக்கு நேர்ந்து ஐம்பது வருஷம் கழித்து, 2024 ஆகஸ்ட் 9-ந் தேதி கல்கத்தா ஆர்.ஜி. கர் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் வேலை நேரத்திலேயே நாசம் செய்து கொல்லப்பட்டார். அந்த வழக்கை எடுத்துக்கொண்ட சுப்ரீம் கோர்ட்டும் அருணாவின் பெயரை நினைவுகூர வேண்டி வந்தது. இன்னொரு முறை அந்தப் பெயரை அப்படி நினைவுகூரும் நிலை வரக் கூடாது.

தோழர்களே! கடன் பட்டவன் வாயால் "நன்றி" என்று சொல்லிவிட்டால் கடன் தீர்ந்துவிடாது என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்? நர்சின் கைக்கு நாம் பட்ட கடன் பெரியது. ஒரு கட்டிலுக்குத் தேவையான கைகள், ஒரு கைக்கு நியாயமான கூலி, கூலிக்கு நிரந்தரமான வேலை, வேலைக்குப் பாதுகாப்பு ஆகிய இந்த நான்கையும் அவர்களுக்கு வாங்கிக் கொடுக்கும் வரை அந்தக் கணக்குத் தீராது. நாளைக் காலையில் வேலைக்குப் போகும்போது, ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு நர்ஸை நீங்கள் பார்ப்பீர்கள். உட்கார இடம் கொடுங்கள். அங்கிருந்து ஆரம்பிப்போம்.